கடைசி முனையில் ரெசிஸ்டர்: அலாரம் ஒயரிங் பற்றி வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

திருட்டு அலாரம் வைத்திருக்கும் கடைக்காரர்களும், அதைப் பொருத்தித் தரும் எலக்ட்ரீஷியன்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை சேர்த்துப் பதில் சொல்கிறோம். 230 வோல்ட் பக்கம் வரும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். மற்றதெல்லாம் 12 வோல்ட் வேலைதான். அதற்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை, அளந்ததை எழுதி வைக்க ஒரு நோட்டு போதும். புதியவர்களுக்கு: பேனல் என்பது அலாரத்தின் தலைமைப் பெட்டி. பேனலிலிருந்து சென்சாருக்குப் போய்த் திரும்பும் கம்பிச் சுற்று லூப். லூப் வந்து சேரும் தனித்தனி இணைப்பு ஜோன்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அலாரம் பேனலில் உள்ள 8 ஜோனும் நிரம்பிவிட்டது. புதிதாக எடுத்த மூன்றாவது மாடிக்கு இன்னும் ஆறு சென்சார் வேண்டும். புதுப் பேனல்தான் வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். பழைய ஜோன் ஒன்றிலேயே ஆறையும் சேர்த்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— ஜவுளிக்கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் பேனலுக்கு, ஜோன்களைக் கூட்டித் தரும் எக்ஸ்பேண்டர் மாட்யூல் உண்டா என்று முதலில் பாருங்கள். பேனல் மூடியின் உள்பக்கம் ஒட்டிய தாளில் மாடல் எண் இருக்கும். டிஎஸ்சி பிசி1832 பேனல் 32 ஜோன் வரையும், பிசி1864 பேனல் 64 ஜோன் வரையும் விரியும். இவற்றுக்கான 8 ஜோன் எக்ஸ்பேண்டர் பிசி5108. ஹனிவெல் விஸ்டா-20பி பேனலுக்கு 4219. ஒரு கம்பெனி மாட்யூல் இன்னொரு கம்பெனி பேனலோடு பேசாது. கடையில் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆறு சென்சாரையும் ஒரே ஜோனில் வரிசையாகக் கோத்தாலும் அலாரம் அடிக்கும்தான். ஆனால் ராத்திரி அடிக்கும்போது கீபேடு 'ஜோன் 5' என்று மட்டும் காட்டும், ஆறில் எது என்று தெரியாது. ஒரு சென்சார் பழுதாகி அந்த ஜோனை பைபாஸ் போட்டு ஒதுக்கிவிட்டால், சரிசெய்யும் வரை மாடி முழுக்கக் காவல் இல்லாமல் கிடக்கும்.

எக்ஸ்பேண்டரை மூன்றாவது மாடியிலேயே வையுங்கள். ஆறு கேபிளைக் கீழே இறக்குவதற்குப் பதில் நாலு கம்பி கேபிள் ஒன்றே போதும். இரண்டு கம்பி பவருக்கு, இரண்டு டேட்டாவுக்கு. டிஎஸ்சியில் சிவப்பும் கறுப்பும் பவர். மஞ்சளும் பச்சையும் டேட்டா. டேட்டா கம்பி இரண்டும் இடம் மாறினால் பேனல் அந்த மாட்யூலைப் பார்க்காது. கேபிளில் அதே நிறங்கள் இல்லாவிட்டால் எந்த நிறம் எதற்கு என்று எழுதி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். போர்டை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போட்டு மறைக்காதீர்கள். ஏணி போட்டால் கை எட்டும் உயரத்தில், பூட்டும் இரும்புப் பெட்டியில், மூடியைத் திறந்தால் தெரியும்படி டேம்பர் சுவிட்சோடு இருக்கட்டும்.

வாங்கும் முன்பே கரண்ட் கணக்கு போட வேண்டும். இதைத் தவறவிட்டதால் திணறும் பேனல்கள் நிறைய. கீபேடு இரண்டு, ஒன்றுக்கு 125 மில்லி ஆம்பியர் என்றால் 250. எக்ஸ்பேண்டர் 30. பழையதும் புதியதுமாக மோஷன் சென்சார் பதினொன்று, ஒன்றுக்கு 15 வீதம் 165. மொத்தம் 445. மேக்னெட் சென்சாருக்குக் கரண்டே வேண்டாம், அதைச் சேர்க்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் பவர் தரும் பேனலின் ஆக்ஸ் டெர்மினல் 500 மில்லி ஆம்பியர் தரும் என்றால் இது அடங்கும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. இன்னொரு கீபேடு சேர்த்தால் தாண்டிவிடும். உங்கள் சாமான்களின் சரியான எண்கள் அவற்றோடு வந்த தாளில் இருக்கும். அதைப் பார்த்துக் கூட்டுங்கள்.

இணைக்கும்போது மெயினையும் பேட்டரியையும் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். மாட்யூலின் அட்ரஸை ஜம்பரிலோ டிப் சுவிட்சிலோ அமையுங்கள். விஸ்டா-20பியில் 4219க்கு அட்ரஸ் 07 வைத்தால் ஜோன் 9 முதல் 16, 08 வைத்தால் 17 முதல் 24. இரண்டு மாட்யூலுக்கு ஒரே அட்ரஸ் விழுந்தால் இரண்டும் குழம்பும். கரண்ட் கொடுத்ததும் டிஎஸ்சி பேனல் புது மாட்யூலைத் தானே சேர்த்துக்கொள்ளும். இன்ஸ்டாலர் புரோகிராமில் 903 போட்டால் சேர்ந்தவை எவை என்று தெரியும். கழற்றிய பழைய மாட்யூலைப் பேனல் தேடிக்கொண்டே இருந்தால் 902 போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். மிஞ்சும் இரண்டு ஜோனைப் புரோகிராமில் 'உபயோகம் இல்லை' என்று வையுங்கள், அல்லது டெர்மினலிலேயே ரெசிஸ்டர் போடுங்கள்.

ஒவ்வொரு லூப்பின் முடிவிலும் போடும் ரெசிஸ்டரின் மதிப்பையும் கவனியுங்கள். விஸ்டா-20பி பேனலின் சொந்த ஜோனுக்கு 2 கே, அதாவது 2,000 ஓம். அதே பேனலில் மாட்டும் 4219க்கு 1 கே. பேனலோடு வந்த பாக்கெட்டை எக்ஸ்பேண்டரிலும் போட்டுவிட்டு "ஜோன் மூடவே மாட்டேங்குது" என்று மாட்யூலை வாரண்டிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

கேள்வி: நான் எலக்ட்ரீஷியன். என் மாஸ்டர் எல்லா ரெசிஸ்டரையும் பேனல் பெட்டிக்குள்ளேயே போடச் சொல்கிறார். வேலை சுலபம், பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. புத்தகத்தில் கடைசி சென்சாரில் போடச் சொல்லியிருக்கிறது. உண்மையில் வித்தியாசம் உண்டா?
— வியாசர்பாடி

பதில்: உண்டு தம்பி. மொத்த ஒயரிங்கும் அதில்தான் நிற்கிறது. உங்கள் மாஸ்டரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு பழக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேனல் ஒவ்வொரு லூப்பிலும் சிறு கரண்ட் அனுப்பி, அங்கே எத்தனை ஓம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. டிஎஸ்சியில் அது 5.6 கே, நிறக்கோடு பச்சை, நீலம், சிவப்பு. ரெசிஸ்டர் லூப்பின் கடைசி முனையில், கடைசி சென்சாரின் உள்ளே இருந்தால், பேனலிலிருந்து அதுவரை போகும் கம்பி முழுவதும் கண்காணிப்பில் இருக்கும். கம்பி அறுந்தால் பேனல் முடிவில்லாத ஓம் பார்க்கும். யாராவது இரண்டு கம்பியை ஒட்டிவிட்டால் பூஜ்யம் பார்க்கும். இரண்டிலும் கீபேடு ஜோன் திறந்ததாகக் காட்டும்.

ரெசிஸ்டரைப் பேனலுக்குள் வைத்தால்? பகலில் கடை திறந்திருக்கும்போது, அலாரம் போடாத நேரத்தில், யாரோ ஒருவர் சென்சாருக்குப் போகும் கம்பியைச் சுரண்டி இரண்டையும் ஒட்டிவிட்டால் போதும். பேனலுக்கு ரெசிஸ்டர் எப்போதும்போல் தெரியும், ஜோன் மூடியதாகவே காட்டும். ராத்திரி அந்தக் கதவை உடைத்தாலும் சத்தம் வராது. கெட்ட எண்ணமே தேவையில்லை. கேபிளின் மேல் ஆணி அடித்து இரண்டு கம்பி உரசினாலும் இதே கதைதான்.

வேலை முடிந்த இடத்தில் இதைச் சோதிக்க ஒரு நிமிடம் ஆகும். சென்சாரின் மூடியைத் திறந்து, பேனலிலிருந்து வரும் இரண்டு லூப் கம்பியையும் ஸ்க்ரூடிரைவரால் ஒட்டுங்கள். சென்சாரின் ரிலே முனைகளை அல்ல, வந்து சேரும் கம்பிகளையே. கீபேடு ஜோனைத் திறந்ததாகக் காட்டினால் ரெசிஸ்டர் சரியான இடத்தில் இருக்கிறது. சும்மா இருந்தால் அது பேனலுக்குள் இருக்கிறது.

முடிந்த இடத்திலெல்லாம் இரட்டை ரெசிஸ்டர் முறைக்குப் போகச் சொல்வோம். சென்சாரின் அலாரம் ரிலே முனைகளின் குறுக்கே ஒரு 5.6 கே, லூப்பில் வரிசையாக இன்னொரு 5.6 கே. சாதாரண நிலையில் பேனல் பார்ப்பது 5.6 கே. சென்சார் அசைவைக் கண்டு ரிலே திறந்தால் 11.2 கே. கம்பி அறுந்தாலோ சென்சார் மூடியைத் திறந்தாலோ முடிவிலி, அது டேம்பர். ஒட்டினால் பூஜ்யம், அது ஃபால்ட். இரண்டே கம்பியில் நாலு செய்தி. மூடியின் டேம்பர் சுவிட்சை அதே லூப்பில் வரிசையாகக் கோத்தால்தான் இது முழுமையாகும். பேனல் புரோகிராமிலும் இரட்டை முறை என்று மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் அளவுகள் பொருந்தாமல் ஜோன் தப்பாகக் காட்டும்.

இன்னொன்று: ரெசிஸ்டர் காலைக் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் ஏற்றுங்கள். சென்சாரிலேயே காலி டெர்மினல் இருந்தால் அதில் வைத்து ஸ்க்ரூ முறுக்குங்கள். ஒரே ஸ்க்ரூவின் கீழ் தடித்த கம்பியையும் மெல்லிய ரெசிஸ்டர் காலையும் சேர்த்து வைத்தால் ரெசிஸ்டர் கால் நாளடைவில் தளர்ந்துவிடும்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக் கூடம். வெளிப்பக்கக் கதவுகளின் ஜோன் மட்டும் மழைக்காலத்தில் விடியற்காலை மூன்று மணி, நாலு மணிக்கு அடிக்கிறது. காலையில் ஆள் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சென்சாரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.
— காசிமேடு

பதில்: பழுது சென்சாரில் இருக்க வாய்ப்புக் குறைவு, கம்பியின் இணைப்பில் தேடுங்கள். கடற்கரையில் காற்றில் உப்பு இருக்கிறது. உங்கள் கூடத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்கள், பனிக்கட்டி உருகுகிறது. இரவில் குளிர்ந்ததும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் வியர்க்கும். உப்புப் படிந்த இணைப்பில் அந்த ஈரம் பட்டால் இரண்டு கம்பிக்கும் நடுவே கரண்ட் கசியும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். அதனால்தான் காலையில் வருகிறவர் கண்ணுக்கு எதுவும் அகப்படுவதில்லை.

கசிவு என்ன செய்கிறது என்று கணக்கில் பாருங்கள். லூப்பின் ரெசிஸ்டர் 5.6 கே. ஈரம் 20 கே அளவுக்குக் கசிந்தால் பேனல் பார்ப்பது சுமார் 4.4 கே. 10 கே அளவுக்குக் கசிந்தால் 3.6 கே. பேனல் ஏற்கும் எல்லையை அது தாண்டும் நொடியில் அலாரம். இன்னொரு பக்கம், செம்பு பச்சைப் பாசி பிடித்து அரித்த இணைப்பு லூப்பின் ஓமைக் கூட்டும். இரண்டும் ஒரே பாக்ஸில் நடக்கும்போது அளவு மேலும் கீழும் ஆடும்.

சோதிக்கும் முறை இது. பேனலில் அந்த ஜோனின் இரண்டு கம்பியையும் கழற்றுங்கள். பேனலோடு இணைந்திருக்கும்போது ஓம் அளந்தால் தப்பான எண்தான் வரும். கதவுகள் மூடியிருக்க, கழற்றிய முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 5.6 கேயும் கம்பியின் சில ஓமும் சேர்த்துக் காட்ட வேண்டும். இதை மத்தியானம் ஒரு முறை, தரை கழுவிய பிறகு ஒரு முறை, இரவு ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். எண் 5 கேக்குக் கீழே வந்தாலும் 6 கேக்கு மேலே போனாலும் கம்பியில் கோளாறு உறுதி. அடுத்து, அதே முனைகளில் ஒன்றுக்கும் கட்டடத்தின் எர்த்துக்கும் இடையே மீட்டரை மெகா ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் எங்கோ கம்பி தோல் உரிந்து இரும்புப் பைப்பையோ ஷட்டர் சட்டத்தையோ தொடுகிறது. இன்சுலேஷன் சோதிக்கும் மெகர் மீட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் சென்சார்களையும் பேனலையும் கழற்றாமல் 500 வோல்ட் ஏற்றிவிடாதீர்கள், எல்லாம் போய்விடும்.

பிறகு நடுவிலிருந்து பிரியுங்கள். பாதி தூரத்தில் உள்ள பாக்ஸில் லூப்பைக் கழற்றி இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தால் எந்தப் பாதி என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எட்டு பாக்ஸ் இருந்தாலும் மூன்று முறை பிரித்தால் இடம் அகப்பட்டுவிடும்.

சரிசெய்யும்போது பழைய முறுக்கல்களை வெட்டி எறியுங்கள். பளபளப்பான செம்பு தெரியும் வரை கம்பியைப் பின்னுக்கு வெட்டி, டெலிபோன் லைன்காரர்கள் பயன்படுத்தும் ஜெல் நிரப்பிய கனெக்டரில் வைத்து அழுத்துங்கள். இன்சுலேஷன் டேப் உங்கள் இடத்தில் ஒரு மழைக்காலம்கூட நிற்காது. பாக்ஸ் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரத்தில் ரப்பர் கேஸ்கட் உள்ளதாக இருக்கட்டும். கேபிள் மேலிருந்து நுழையக் கூடாது. கீழே ஒரு வளைவு விட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து கிளாண்ட் வழியாக ஏற வேண்டும். அப்போது தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். வெளியே போகும் பைப்பின் தாழ்ந்த இடத்தில் சிறிய ஓட்டை போட்டால் உள்ளே வியர்த்த நீர் வடியும். வெளிக்கதவுகளுக்குப் பிசின் ஊற்றி அடைத்த, வாலாகக் கேபிளோடு வரும் மேக்னெட் சென்சார் வாங்குங்கள். ஸ்க்ரூ டெர்மினல் வெளியே தெரியும் வகை உங்கள் இடத்துக்கு ஆகாது.

கேள்வி: ரெட்ஹில்ஸில் அரிசி ஆலை. அலாரம் பேனல் ஆபீஸில் இருக்கிறது. 180 மீட்டர் தள்ளி நெல் குடோனில் எக்ஸ்பேண்டர், நாலு மோஷன் சென்சார், ஒரு சைரன். கேமராவுக்கு வாங்கியதில் மிஞ்சிய கேட்-5இ கேபிளையே இழுத்தோம். சாதாரணமாக எல்லாம் ஓடுகிறது. சைரன் அடிக்கத் தொடங்கியதும் குடோன் ஜோன்கள் எல்லாம் காணாமல் போய், கீபேடில் மாட்யூல் ஃபால்ட் வருகிறது.
— ஆலை மேலாளர், செங்குன்றம்

பதில்: கம்பியிலேயே வோல்டேஜ் கரைந்துவிடுகிறது. கேட்-5இ கம்பி 24 கேஜ். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 84 ஓம். 180 மீட்டர் போக, 180 மீட்டர் வர, ஆக 360 மீட்டருக்கு 30 ஓம். எக்ஸ்பேண்டருக்கு 30 மில்லி ஆம்பியர், நாலு சென்சாருக்கு 60, மொத்தம் 90. அதை 30 ஓமால் பெருக்கினால் 2.7 வோல்ட். பேனல் 13.6 வோல்ட் தரும்போது குடோனில் 10.9 மிஞ்சும், எல்லாம் ஓடும். மின்வெட்டில் பேட்டரி 12.2க்கு இறங்கினால் குடோனில் 9.5தான், பல சென்சார்கள் அந்த இடத்திலேயே தடுமாறத் தொடங்கும். அதே கம்பியில் 400 மில்லி ஆம்பியர் சைரனும் சேர்ந்தால் கணக்குப்படி இன்னும் 12 வோல்ட் குறைய வேண்டும். அத்தனை வோல்ட் அங்கே இல்லவே இல்லை. எக்ஸ்பேண்டர் அணைந்துவிடுகிறது. திருடன் உள்ளே வந்து சைரன் அடிக்கும் அதே நேரத்தில் குடோனின் கண் அவிந்துபோகிறது என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தூரம் குற்றவாளி இல்லை. பேனலையும் மாட்யூல்களையும் இணைக்கும் டிஎஸ்சியின் நாலு கம்பி லைனான கீபஸ், ஒரு மாட்யூலுக்கு 305 மீட்டர் வரை, எல்லாக் கிளையும் சேர்த்து 915 மீட்டர் வரை அனுமதிக்கிறது. கம்பியின் கனமும் அதில் ஏற்றிய சுமையும்தான் சிக்கல்.

உடனே செய்யக்கூடியது: கேட்-5இயில் எட்டு கம்பி. டேட்டாவுக்கு இரண்டு போக ஆறு இருக்கிறது. மூன்றைச் சேர்த்து பாசிட்டிவ், மூன்றைச் சேர்த்து நெகட்டிவ் ஆக்கினால் 30 ஓம் 10 ஆகும். சென்சார்களுக்கு இது போதும், இழப்பு 0.9 வோல்ட்தான். சைரனுக்குப் போதாது, 490 மில்லி ஆம்பியரில் 4.9 வோல்ட் போய்விடும்.

ஆகவே சைரனுக்கும் சென்சார்களுக்கும் குடோனிலேயே தனி பவர் சப்ளை வையுங்கள், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு. டிஎஸ்சியில் இதற்கென்றே பிசி5204 இருக்கிறது: தனி டிரான்ஸ்பார்மர், தனி பேட்டரி, 1 ஆம்பியர், நாலு அவுட்புட். சைரனை அங்கிருந்தே இயக்கலாம். வேறு சப்ளை வைத்தால் ஒரு விதியை மறக்காதீர்கள்: இரண்டு சப்ளையின் நெகட்டிவும் ஒன்றோடொன்று இணைய வேண்டும், பாசிட்டிவ் இரண்டும் இணையவே கூடாது. நெகட்டிவ் சேராவிட்டால் டேட்டாவுக்குப் பொது அடிப்படை இல்லாமல் மாட்யூல் விட்டுவிட்டு வரும். பாசிட்டிவ் சேர்ந்தால் ஒரு சப்ளை மற்றதைத் தள்ளும், பேட்டரிகள் கெடும்.

அரிசி ஆலையில் பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன. அலாரம் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போடாதீர்கள், ஓரடியாவது தள்ளிப் போங்கள். குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகத் தாண்டுங்கள். வாங்கும் கேபிள் முழுச் செம்பா என்றும் பாருங்கள். சிசிஏ என்று அச்சிட்ட மலிவுக் கேபிள் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஓம் ஒன்றரை மடங்கு. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

உங்கள் பேனல் மாட்யூல்களோடு ஆர்எஸ்-485 என்ற வேறு வகை டேட்டா லைனில் பேசுவதாக இருந்தால் இன்னொரு வேறுபாடு உண்டு. கீபஸில் நடுவில் கிளை பிரிக்கலாம். ஆர்எஸ்-485இல் கூடாது. ஒரு மாட்யூலிலிருந்து அடுத்ததற்கு என்று ஒரே கோடாகப் போய், இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

கேள்வி: மணலியில் பெயின்ட் குடோன். முழுக் காலியான ஜோன் இல்லை, இன்னொன்றைச் சேர்க்க இடம் இருப்பது ஒரே ஒரு ஜோனில். அதில் ஏற்கெனவே மோஷன் சென்சார் இருக்கிறது. புகை டிடெக்டரையும் அதிலேயே சேர்க்கலாமா?
— மணலி

பதில்: கூடவே கூடாது. திருட்டு லூப்பில் கம்பி அறுந்தால் அலாரம். தீ லூப்பில் அப்படி இல்லை. ஒட்டினால்தான் அலாரம், அறுந்தால் 'டிரபிள்'. மோஷன் சென்சார் திறக்கும் ரிலே, வரிசையில் கோக்க வேண்டும். புகை டிடெக்டர் மூடும் ரிலே, குறுக்கே இணைக்க வேண்டும். தவிரவும் தீ ஜோன் 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும், நீங்கள் அலாரம் ஆஃப் செய்யும் பகலிலும். நாலு கம்பி டிடெக்டராக இருந்தால் கடைசி டிடெக்டரில் பவரைக் கண்காணிக்கும் ரிலேயும் போட வேண்டும். டிடெக்டருக்குப் போகும் 12 வோல்ட் பேனலால் அணைத்துப் போடக்கூடிய அவுட்புட்டிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முறை அடித்த டிடெக்டர் ரீசெட் ஆகாது. ஒரு எக்ஸ்பேண்டர் வாங்குங்கள். பெயின்ட் குடோனுக்குத் தீயணைப்புத் துறை கேட்கும் ஏற்பாடுகள் தனி. திருட்டு அலாரத்தை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது.

கேள்வி: சௌகார்பேட்டையில் நகைப் பட்டறை. ராத்திரி சரக்கு வண்டி போனால் ரோலிங் ஷட்டர் அதிர்ந்து அலாரம் அடிக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
— சௌகார்பேட்டை

பதில்: முதலில் மேக்னெட் எந்த வகை என்று பாருங்கள். மரக்கதவுக்கான சிறிய மேக்னெட்டை இரும்பு ஷட்டரில் ஒட்டினால் இரும்பே காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டியில் 20 மில்லிமீட்டர் இடைவெளி என்று எழுதியிருந்தாலும் இரும்பின் மேல் அதில் பாதிகூட நிற்காது. ஷட்டர் கொஞ்சம் ஆடினாலும், காந்தம் அருகே இருந்தால் மூடியிருக்கும் ரீட் சுவிட்ச் திறந்துவிடும். ஷட்டருக்கென்று அலுமினியக் கூட்டில், எஃகுச் சுருள் போர்த்திய கேபிளோடு வரும் பெரிய மேக்னெட் உண்டு. தரையில் சுவிட்ச், ஷட்டரின் அடிப்பட்டையில் காந்தம். ஷட்டரின் இரண்டு பக்க கைடிலும் ஆட்டம் இருந்தால் வெல்டரை வைத்து அதையும் இறுக்குங்கள்.

அடுத்தது லூப்பின் வேகம். பேனலில் ஒவ்வொரு ஜோனுக்கும் எவ்வளவு நேரம் திறந்திருந்தால் அலாரம் என்று அமைக்கலாம். ஷட்டர் ஜோனை 700 மில்லி செகண்ட் வரை கூட்டினால் அதிர்வுகள் கணக்கில் வராது. ஷட்டரைத் தூக்க அதைவிட வெகு நேரம் ஆகும், காவல் குறையாது. ஆனால் பெட்டக அறைச் சுவரில் உள்ள அதிர்வு சென்சாருக்கு இதற்கு நேர் எதிர். சுத்தியல் அடி சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். அந்த ஜோன் 10 மில்லி செகண்ட் போன்ற வேக லூப்பில் இருந்தால்தான் பிடிக்கும். 4219 எக்ஸ்பேண்டரில் முதல் லூப் ஒன்றை மட்டும்தான் அப்படி வேகமாக மாற்ற முடியும். அதிர்வு சென்சாரை ஷட்டரோடு ஒரே ஜோனில் கோத்திருந்தால் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் அதுவேதான். பிரித்துவிடுங்கள்.

கேள்வி: கொளத்தூரில் வண்ண மீன் பண்ணை. கரண்ட் போனாலோ ஏர் பம்ப் நின்றாலோ மீன் செத்துவிடும். அலாரம் பேனலில் காலி ஜோன் மூன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்த முடியுமா?
— கொளத்தூர்

பதில்: அருமையாகப் பயன்படும். ஆனால் கரண்டை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் ஆகும். மோட்டார் இறுகி நின்றாலும் ஏர் குழாய் பிய்ந்தாலும் கரண்ட் இருந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே இரண்டு ஜோன் போடுங்கள்.

முதல் ஜோனுக்கு 230 வோல்ட் காயில் ரிலே ஒன்று. பம்புக்குப் போகும் லைனிலேயே காயிலை இணைத்து, கரண்ட் இருக்கும்போது மூடியிருக்கும் முனைகளை லூப்பில் வையுங்கள், ரெசிஸ்டரை ரிலே பேஸிலேயே வரிசையில் வைத்து. கரண்ட் போனால் லூப் திறக்கும். 230 வோல்ட் கம்பியும் லூப் கம்பியும் ஒரே பாக்ஸில் சந்திப்பதால் இந்த இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். இரண்டாவது ஜோனுக்கு ஏர் லைனின் கடைசித் தொட்டிக்கு அருகே, குறைந்த அழுத்தத்துக்கான பிரஷர் சுவிட்ச். அழுத்தம் இருக்கும்போது மூடியிருக்கும் முனை.

இரண்டையும் 24 மணி நேர வகையில், வெளி சைரன் அடிக்காமல் கீபேடு பஸ்ஸரும் உங்கள் போனுக்குச் செய்தியும் மட்டும் போகும்படி வையுங்கள். நொடி நேரம் கரண்ட் போய் வருவதற்கெல்லாம் அடிக்காமல் இருக்க, சாதாரண ரிலேக்குப் பதில் ஆஃப்-டிலே டைமர் ரிலே வாங்கி இரண்டு நிமிடம் வையுங்கள். இன்டர்நெட் ரூட்டருக்கும் பேட்டரி பேக்கப் வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போன செய்தி வெளியே போகவே போகாது.

கேள்வி: பேட்டரி ஐந்து வருடம் வரும் என்றார்கள். இரண்டே வருடத்தில் உப்பிவிட்டது. கார் பேட்டரி போடலாமா?
— திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். கார் பேட்டரி மூடிய இடத்தில் வாயு விடும். பேனலின் சார்ஜர் அதை நிரப்பவும் திணறும். ஐந்து வருடக் கணக்கு 20, 25 டிகிரி வெப்பத்துக்கு. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகர ஷீட் கூரைக்குக் கீழே பேனல் இருந்தால் இரண்டு வருடமே அதிகம். பெட்டியை வெயில் படாத உள்சுவருக்கு மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜ் கம்பியில் அளந்து பாருங்கள், 13.8 வோல்ட்டைக் கணிசமாகத் தாண்டினால் சார்ஜரே பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள். பேட்டரியின் மேல் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதுங்கள். 400 மில்லி ஆம்பியர் சுமைக்குப் புது 7 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 14 மணி நேரம் தாங்கும் என்று கணக்கிடலாம்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கடைக்குள் தண்ணீர் வந்து, கீழே இருந்த எக்ஸ்பேண்டர் முழுகியது. காயவைத்துப் போட்டோம், ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அடிக்கடி ஃபால்ட். ரிப்பேர் செய்யலாமா?
— எண்ணூர்

பதில்: மாற்றிவிடுங்கள். அழுக்கு நீர் போர்டின் கால்களுக்கு அடியில் விட்ட உப்பு, ஈரம் படும்போதெல்லாம் செம்பைத் தின்றுகொண்டிருக்கும். புதியதைத் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் வையுங்கள். தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கீழே இருந்த கேபிள் இணைப்புகளையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். கேபிளின் உறைக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

கேள்வி: அலாரம் அடிக்கும்போது குடோனின் வெளி விளக்குகளும் எரிய வேண்டும். பேனலின் பிஜிஎம் (புரோகிராம் செய்யக்கூடிய) அவுட்புட்டில் 12 வோல்ட் ரிலே போட்டேன். நன்றாக எரிகிறது, ஆனால் விளக்கு அணையும்போது சில சமயம் பேனல் ரீஸ்டார்ட் ஆகிறது.
— மாதவரம்

பதில்: ரிலே காயில் அணையும் நொடியில் எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் உதையும். அது பேனலுக்குள் போகிறது. காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடுங்கள், வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பாசிட்டிவில். திருப்பிப் போட்டால் ரிலே இழுக்காது, பிஜிஎம் அவுட்புட்டும் கருகிப்போகும். ஆகவே கரண்ட் கொடுக்கும் முன் ஒரு முறை கோட்டைப் பாருங்கள். ரிலே காயில் எவ்வளவு எடுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிறிய பிஜிஎம் அவுட்புட் பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். 400 ஓம் காயில் 12 வோல்ட்டில் 30 எடுக்கும், அது சரி. நாலைந்து பெரிய ஃபிளட் லைட் என்றால் இந்த ரிலேயால் நேரே போடாமல், ரிலே ஒரு 230 வோல்ட் கான்டாக்டரை இழுக்கட்டும், கான்டாக்டர் விளக்குகளைப் போடட்டும். அந்தக் கான்டாக்டரைப் பேனல் பெட்டிக்குள் வைக்காமல் தனிப் பெட்டியில், ஓரடி தள்ளி வையுங்கள்.